கல்லூரி மாறிய ஃபுட்பால் வீரருக்கு ஆடும் தகுதி கிடைக்க ஏன் தாமதமாகிறது?

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் கல்லூரி மாறுகிறார்கள். புதிய கல்லூரியில் சேர்ந்தாயிற்று, பயிற்சிக்கும் போகிறார், ஜெர்சி எண்ணும் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் முதல் ஆட்டத்துக்கு முந்தைய வாரம் வரை “தகுதி இன்னும் உறுதியாகவில்லை” என்ற பதிலே வருகிறது. காரணம் பெரும்பாலும் மைதானத்தில் இல்லை, மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது.

முதலில் பழைய கதை. 2021 வரை, கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல் டிவிஷனில் கல்லூரி மாறிய ஃபுட்பால் வீரர் பொதுவாக ஓராண்டு வெளியே உட்கார வேண்டும். 2021-இல், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு, ஒருமுறை மட்டும் தடையின்றி மாறலாம் என்றது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் இரண்டாம் முறை மாறுவோருக்கான தடையையும் நிறுத்தி வைக்க, 2024 ஏப்ரலில் அந்த வரம்பே நீக்கப்பட்டது. இப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். பெயரைப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் மட்டும் குறிப்பிட்ட நாட்களில்தான் திறக்கும். 2026-இல் அது ஜனவரி 2 முதல் 16 வரை. மாணவர் எழுத்து மூலம் கேட்டால், இரண்டு வேலை நாட்களுக்குள் கல்லூரி அவர் பெயரை ஏற்ற வேண்டும்.

இதுவரை வேகமாகவே நடக்கும். சிக்கல் அப்புறம்தான்.

மாறும் எண்ணிக்கைக்கு வரம்பு போனாலும் படிப்பு நிபந்தனை போகவில்லை. பழைய கல்லூரியை விட்டு வரும்போது படிப்பில் தகுதியோடு இருந்திருக்க வேண்டும், ஒழுங்கு நடவடிக்கையில் இடைநீக்கம் ஆகியிருக்கக் கூடாது. இவற்றோடு முக்கியமான விதி ஒன்று உண்டு: மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பில் 40 சதவீதம், நான்காம் ஆண்டு தொடங்கும்போது 60, ஐந்தாம் ஆண்டு தொடங்கும்போது 80 சதவீதம் முடித்திருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பட்டத்துக்கு 120 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்திலும் தேறினால் கிடைக்கும் அலகுகள்). மூன்றாண்டு படித்த மாணவர் 75 கிரெடிட் வைத்திருக்கிறார். பழைய கல்லூரியில் அது 62.5 சதவீதம், கவலையே இல்லை. புதிய கல்லூரி பாடம் பாடமாகப் பார்க்கிறது: இரண்டு பாடங்களுக்கு இங்கே நிகரான பாடம் இல்லை, இன்னொன்று அவர் எடுத்த பட்டத்துக்குக் கணக்கில் வராது. மொத்தம் 9 கிரெடிட் கழிந்து 66, அதாவது 55 சதவீதம். நான்காம் ஆண்டுக்கு 60 சதவீதம், அதாவது 72 வேண்டும். கோடையில் இன்னும் 6 கிரெடிட் படித்துத் தேறாவிட்டால் களத்தில் இறங்க முடியாது. அதே மாணவர்தான், அதே மதிப்பெண்தான். கல்லூரி மாறியதால் மட்டும் தகுதி இழக்கிறார். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

இந்தக் கோடைப் பாடம்தான் ஆகஸ்டு வரை இழுத்துக்கொண்டு போகிறது. பாடம் முடிந்து, மதிப்பெண் ஏறி, டிரான்ஸ்கிரிப்ட் (அதிகாரபூர்வ மதிப்பெண் சான்று) வந்து, துறை பார்த்து, பதிவாளர் அலுவலகம் ஒப்புதல் தந்து, விளையாட்டுப் பிரிவில் விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகம் கையெழுத்திட வேண்டும். சீசனோ ஆகஸ்டு கடைசியில் தொடங்கிவிடும். பழைய கல்லூரியில் கட்டணப் பாக்கி இருந்தால் டிரான்ஸ்கிரிப்டே தாமதமாகலாம்.

படிப்பைத் தொடரும் மாணவரின் தகுதிக்குச் சான்று தருவது என்சிஏஏ என்று பலர் நினைக்கிறார்கள். அவர் சேர்ந்த கல்லூரிதான் அதைத் தர வேண்டும். தகுதியில்லாதவரை ஆட வைத்தால் வென்ற ஆட்டங்களையே இழக்க நேரிடும் என்பதால், சந்தேகம் இருந்தால் கல்லூரி வெளியேதான் நிறுத்தும்.

விதிவிலக்கு வேண்டுமானால் மட்டும் என்சிஏஏவிடம் போக வேண்டும். அதையும் மாணவர் நேரடியாகக் கேட்க முடியாது, கல்லூரிதான் விண்ணப்பிக்கும். அதில் தாமதம் என்ன செய்யும் என்பதற்கு 2023-இல் வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தின் டெஸ் வாக்கர் சாட்சி. அவர் முதலில் சேர்ந்த கல்லூரியில் கோவிட் காரணமாக 2020 சீசனே நடக்கவில்லை, ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனாலும் இரண்டாம் முறை மாறியவராகக் கணக்கிட்டு மறுத்தார்கள், மேல்முறையீட்டிலும் மறுத்தார்கள். புதிய தகவல் கிடைத்தது என்று அக்டோபர் தொடக்கத்தில் அனுமதி வந்தபோது நான்கு ஆட்டங்கள் போயிருந்தன. வழக்கமான சீசனுக்கே 12 ஆட்டங்கள்தான்.

அவரைத் தடுத்த விதி இன்று இல்லை. கிரெடிட் கணக்கு இருக்கிறது. அதனால் மாறப் போகும் மாணவரும் பெற்றோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, எந்தப் பட்டத்துக்கு எத்தனை கிரெடிட் ஏற்கப்படும், அது எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பயிற்சியாளர் “பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்வது போதாது, பதிவாளர் அலுவலகத்தின் மதிப்பீடு வேண்டும். பழைய பாடங்களின் பாடத்திட்டத்தைக் கையில் வைத்திருந்தால், நிகர்ப் பாடம் இல்லை என்று தள்ளப்பட்டதை மறுபரிசீலனை செய்யச் சொல்லலாம். கோடைப் பாடம் எடுத்தால், முதல் ஆட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பே மதிப்பெண் வெளிவரும் பாடமாகப் பார்த்து எடுங்கள்.

இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு முதுநிலையில் சேர்பவருக்கு இந்தச் சதவீதக் கணக்கு கிடையாது.