நாலு இலட்சத்தை யார் விழுங்கினது?

மார்ச் 31 கழிந்தால் என் அலுவலகத்துக்குப் பேரேடுகள் பெட்டி பெட்டியாக வரத் தொடங்கும். இந்த முறை சுன்னாகத்திலிருந்து வந்த ஒரு பெட்டிக்குப் பின்னாலேயே அதன் சொந்தக்காரரும் வந்துவிட்டார். தகப்பனின் கடையை இரண்டு வருடத்துக்கு முன் பொறுப்பெடுத்த பிள்ளை. சீனாவிலிருந்து நீரிறைக்கும் இயந்திரங்களை இறக்கி வலிகாமம் முழுக்க விற்கிறார். கதிரையில் இருக்கும் முன்னமே தொடங்கிவிட்டார்.

“அண்ணை, வங்கிக்காரர் என்ரை நாலு இலட்சத்தை விழுங்கிப்போட்டாங்கள்.”

பேரேட்டைத் திறந்து காட்டினார். கணக்குப்பிள்ளை சிவப்பு மையில் ‘வங்கி நட்டம் 400,000’ என்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தார்.

இந்த வருடம் இதே முறைப்பாட்டோடு என்னிடம் வந்த ஐந்தாவது ஆள் இவர். முதல் நாலு பேருக்கும் பொறுமையாகச் சொன்னேன். இவரிடம் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஆறாவது ஆளுக்கு முன் எழுதியே வைத்துவிடுவோம் என்றுதான் இது.

நடந்தது இவ்வளவுதான். மூன்று மாதத்தில் 50,000 டொலர் கட்டவேண்டிய ஓடர். அன்று டொலர் 300 ரூபா. ஏறிவிடுமோ என்ற பயத்தில் வங்கிக்குப் போய், மூன்று மாதம் கழித்து டொலரை 303 ரூபாவுக்கு வாங்குவதாக ஃபோர்வேர்ட் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வைத்தார். நாள் வந்தபோது சந்தையில் டொலர் 295. இவரோ 303 கொடுத்தே ஆகவேண்டும். டொலருக்கு எட்டு ரூபா, ஆக நாலு இலட்சம்.

“மெசினுக்கு விலை போடேக்கை டொலரை என்ன கணக்கில் எடுத்தனீர்?”

“305 எண்டு.”

“எல்லாம் வித்துப்போட்டீரோ?”

“ஒண்டும் மிச்சமில்லை.”

“அப்ப எங்கை தம்பி நட்டம்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “போடாமல் விட்டிருந்தால் நாலு இலட்சம் கூட வந்திருக்குமே” என்றார்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒரு வசனத்தில்தான். இதே ஆள் டொலர் 320க்குப் போயிருந்தால் என்னிடம் வந்திருக்கவே மாட்டார். தன் கெட்டித்தனத்தைக் கடையில் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். கையெழுத்து வைத்த அன்று அவர் கேட்டது ஆதாயம் அல்ல, நிச்சயம். 303க்கு மேல் ஒரு சதமும் கொடுக்கமாட்டேன் என்பதை வாங்கினார். 303க்குக் கீழே வந்தால் எனக்கு வேண்டாம் என்பதை அதற்கு விலையாகக் கொடுத்தார். இரண்டும் ஒரே தாளில்தான் இருக்கிறது. மரத்து மாங்காயைப் பூக்கும் முன்னமே குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, காய்த்துக் குலுங்கியதும் குத்தகைக்காரனின் சட்டையைப் பிடிக்கிறவரை ஊரில் என்ன சொல்வார்கள்?

சரி, அந்த எட்டு ரூபாவை வங்கி விழுங்கியதா? இதையும் ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஆவணியில் கலியாணம். பவுண் ஏறுமோ என்ற பயத்தில் வைகாசியிலேயே கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்குப் போய் முற்பணம் கட்டி, அன்றைய விலையில் பத்துப் பவுணுக்குப் பேசி முடிக்கிறீர்கள். நல்ல கடைக்காரர் என்றால் அன்று பின்னேரமே பத்துப் பவுணுக்கான தங்கத்தை வாங்கி உள்ளே வைத்துவிடுவார். ஆவணியில் விலை விழுந்தால் உங்கள் காசு அவர் வயிற்றுக்குள் போகாது. அவர் பெட்டிக்குள் இருக்கும் தங்கமும் வைகாசி விலையில் வாங்கியதுதானே. வாங்கி வைக்காமல், ‘ஆவணிக்குள் எப்படியும் இறங்கும்’ என்று இருக்கிற கடைக்காரர்தான் சூதாடுகிறவர்.

வங்கி செய்வதும் இதைத்தான். தம்பி கையெழுத்து வைத்ததும் கிளையிலிருந்து கொழும்பில் உள்ள திறைசேரிப் பிரிவுக்கு, அதாவது வங்கிக்காக நாணயம் வாங்கி விற்கும் பிரிவுக்கு, தகவல் போகும். அங்கே 300 ரூபாவுக்கு 50,000 டொலரை வாங்கிவிடுவார்கள், அல்லது இன்னொரு வங்கியோடு எதிர் ஒப்பந்தம் ஒன்று போடுவார்கள். (நான் முன்பு அப்படி ஒரு மேசையில் இருந்தவன். கிளையிலிருந்து வரும் சின்னத் தொகைகளைப் பின்னேரம் ஒன்றாகக் கூட்டி, அதற்கு எதிராக டொலரை வாங்கி மூடுவோம். திறந்த நிலையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அடுத்த நாள் காலை பதில் சொல்லவேண்டும். எவ்வளவு திறந்திருக்கலாம் என்பதற்கு மத்திய வங்கியின் எல்லையும் உண்டு.)

அப்படியென்றால் அந்த மூன்று ரூபா? ‘மூன்று மாதத்தில் டொலர் 303 ஆகும் என்று வங்கிக்கே தெரிந்திருக்கிறது’ என்று நினைக்கிறவர்கள் பாதிப் பேர். ‘அது வங்கியின் கொமிஷன்’ என்கிறவர்கள் மீதிப் பேர். இரண்டும் பிழை. வருட வட்டி ரூபாவுக்கு 9 வீதம், டொலருக்கு 5 வீதம் என்று வையுங்கள். 300 ரூபாவைப் போட்டு டொலரை வாங்கி மூன்று மாதம் வைத்திருந்தால் ரூபா வட்டியில் 6.75 போகும், டொலர் வட்டியில் 3.75 வரும். வித்தியாசம் மூன்று ரூபா. வங்கி இதன்மேல் தன் பங்காக வைப்பது சதக்கணக்கில்தான். பேரம் பேசவேண்டிய இடமும் அந்தச் சதங்கள்தான், பேசுங்கள். ஆனால் 303 ஒரு சாத்திரம் அல்ல.

ஆக, சந்தை 295க்கு வந்ததால் வங்கிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. யாருக்காவது கிடைத்தது என்றால், அன்று 300க்கு டொலரை விற்றவருக்குத்தான். நண்டோ கடலட்டையோ ஏற்றுமதி செய்யும் நம்மூர்க்காரர் ஒருவராகவும் அது இருக்கலாம்.

இனிக் கணக்கு. என் தொழில், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரி முதல் இங்கே எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். 9 என்ற இலங்கைக் கணக்கு நியமம் நடைமுறையில் இருக்கிறது. ஃபோர்வேர்ட் போன்ற பெறுதி ஒப்பந்தங்களை நியாயப் பெறுமதியில், அதாவது அன்றைய சந்தையில் அவை பெறும் விலையில், ஐந்தொகைக்குள் கொண்டுவரச் சொல்கிறது. கையெழுத்து வைத்த அன்று பெறுமதி அநேகமாகப் பூச்சியம். 50,000 டொலர் என்ற தொகை ஐந்தொகைக்குள் வராது. ஆண்டறிக்கையின் குறிப்புகளில் மட்டும் இருக்கும். ஒரு மாதம் கழித்து வங்கியின் ஏட்டைப் பார்ப்போம். சந்தையில் டொலர் 297 என்றும், அதே முதிர்வு நாளுக்குப் புதிதாகப் போட்டால் 299 என்றும் வையுங்கள். தம்பி 303 தருவதாக ஒப்புக்கொண்டவர், எனவே அந்த ஒப்பந்தம் வங்கிக்கு டொலருக்கு நாலு ரூபா பெறும். இரண்டு இலட்சம் சொத்து. அதே நாளில் வங்கி 300க்கு வாங்கி வைத்த டொலர் 297 ஆகிவிட்டது. ஒன்றரை இலட்சம் நட்டம். மிஞ்சும் 50,000? அந்த ஒரு மாத வட்டி வித்தியாசம், டொலருக்கு ஒரு ரூபா, அதற்குச் சரியாகப் போய்விடுகிறது.

வங்கிக்காரர் இந்த மூன்று வரியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார். நம் கடைக்காரர் ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவருகிறார்.

வங்கிகளின் ஆண்டறிக்கையில் பெறுதிகளுக்கு எதிரே பில்லியன் கணக்கில் தொகையைப் பார்த்து, ‘இவ்வளவையும் வைத்துச் சூதாடுகிறார்களோ’ என்று கேட்டவர்களும் உண்டு. அது பெயரளவுத் தொகை, அதாவது எத்தனை டொலருக்குப் பேச்சு என்பது மட்டும். உண்மையில் கைமாறக்கூடியதைக் காட்டுவது நியாயப் பெறுமதி. அது பக்கத்து நிரலில், மிகச் சிறிதாக இருக்கும்.

பாதுகாப்புக் கணக்கியல் என்று ஒரு ஏற்பாடும் உண்டு. இன்னும் வராத சரக்குக்காகப் போட்ட ஒப்பந்தத்தின் ஏற்ற இறக்கத்தை உடனே இலாப நட்டத்தில் அடிக்காமல் ஒதுக்கம் ஒன்றில் வைத்திருந்து, சரக்கு வரும்போது அதன் கிரயத்தோடு சேர்க்கலாம். நிபந்தனை: எதை எதனால் பாதுகாக்கிறோம் என்ற ஆவணம் தொடக்க நாளிலேயே இருக்கவேண்டும். கார்த்திகையில் போட்ட ஒப்பந்தத்துக்கு மார்ச் 31 இரவு ஆவணம் தட்டச்சுச் செய்து, ‘திகதியை மட்டும் கொஞ்சம் முன்னுக்குப் போடுங்கோ அண்ணை’ என்று தயவுசெய்து என்னிடம் வராதீர்கள். வந்திருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

‘ஹெஜிங்’, அதாவது விலை ஏற்ற இறக்கத்துக்கு எதிராக இப்படிப் பாதுகாப்புப் போடுவது, என்றால் நம் ஆட்களுக்கு நினைவு வருவது இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம். அந்தக் கதையையும் பாதிதான் கேட்டிருக்கிறார்கள். எண்ணெய் ஏறும் என்ற பயத்தில் 2007, 2008இல் கூட்டுத்தாபனம் வங்கிகளோடு ஒப்பந்தங்கள் செய்தது. முற்பணக் கட்டணம் இல்லாத ஒப்பந்தங்கள். கட்டணத்துக்குப் பதிலாகக் கொடுத்தது என்ன என்றால், விலை ஏறினால் வங்கி தருவதற்கு ஒரு மட்டு உண்டு, விலை விழுந்தால் கூட்டுத்தாபனம் கட்டுவதற்கு மட்டே இல்லை. 2008 ஜூலையில் 147 டொலரைத் தொட்ட எண்ணெய் டிசெம்பரில் 40க்கும் கீழே போனது. கொடுப்பனவை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் நிறுத்தியது. வழக்கு வெளியே போனது. 2011இல் இலண்டன் நீதிமன்றம் ஸ்ராண்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்குச் சுமார் 162 மில்லியன் டொலர் கட்டச் சொன்னது. 2012இல் டொய்ச்ச வங்கிக்குச் சுமார் 60 மில்லியன் என்று நடுவர் மன்றம் தீர்த்தது. சிற்றி வங்கி மட்டும் தன் நடுவர் வழக்கில் தோற்றது. பிழை ஹெஜிங்கில் இல்லை, ஒரு பக்கம் மட்டும் கதவு வைத்த வீட்டில்.

மறுபக்கமும் உண்டு. 2023 மார்ச்சில் அமெரிக்காவில் விழுந்த சிலிக்கன் வேலி வங்கி, நீண்டகாலப் பிணைமுறிகளை மலைபோல வைத்துக்கொண்டு, வட்டி வீதப் பாதுகாப்பை 2022 முடிவுக்குள் அநேகமாகக் கழற்றிவிட்டிருந்தது. வட்டி ஏறியது, அந்தப் பிணைமுறிகளின் விலை விழுந்தது. மிச்சம் தெரிந்ததே.

2022ஐச் சொல்லி என்னிடம் வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. ‘அப்ப உந்த ஃபோர்வேர்ட் எங்கை போனது?’ நியாயமான கேள்வி. 2021 ஜனவரியில் மத்திய வங்கி ஃபோர்வேர்ட் ஒப்பந்தங்களைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2022இல் வங்கியிடம் விற்க டொலரே இல்லை. நாட்டிலேயே இல்லாத சரக்கை எந்த ஒப்பந்தமும் கொண்டுவந்து தராது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

இனி, இறக்குமதி ஏற்றுமதி செய்கிறவர்களே, கொஞ்சம் கவனியுங்கள்.

எல்.சி.யோ (விற்பவருக்குக் காசு வரும் என்று வங்கி தரும் உத்தரவாதக் கடிதம்) விலைப்பட்டியலோ கையில் இல்லாமல் ஃபோர்வேர்ட் போட ஆசைப்படாதீர்கள். சரக்கு இல்லாத ஒப்பந்தம் வெறும் பந்தயம். 50,000 டொலர் சரக்குக்கு 80,000க்குப் போடுவதும் அப்படியே.

முதிர்வுத் திகதியை இரண்டு தரம் பாருங்கள். கப்பல் பிந்தும், கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன் கிடக்கும், ஒப்பந்தம் காத்திருக்காது. நீடித்தால் புதிய விலை. இடையில் கைவிட்டால் அன்றைய சந்தை வித்தியாசம் உங்கள் தலையில். ‘வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்’ என்று கடை முகப்பில் யாரோ சொன்னதை நம்பாதீர்கள். விடும் உரிமை உள்ளது ஒப்ஷன், அதற்குக் கட்டணம் உண்டு. கட்டணமே இல்லை என்று ஒருவர் நீட்டினால் மேலே போய் கூட்டுத்தாபனத்தின் கதையை இன்னொருக்கா வாசியுங்கள்.

முழுத் தொகைக்கும் போடப் பயமாக இருந்தால் பாதிக்குப் போடுங்கள். அதில் வெட்கம் இல்லை.

பிள்ளைகள் அலைபேசியில் விளையாடும் ‘ஃபொரெக்ஸ்’ இது அல்ல. அதுபற்றி மத்திய வங்கி எத்தனையோ தரம் எச்சரித்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மாமா அனுப்பிய காசைத் தயவுசெய்து அதில் போடவேண்டாம்.

கடைசியாக, கணக்குப்பிள்ளைக்கு. சரக்கை 295இல் கிரயம் போட்டு எட்டு ரூபாவைத் தனியாக எழுதியது விதிப்படி சரி, பெயர்தான் பிழை. இரண்டையும் கூட்டினால் 303. முதலாளி கையெழுத்து வைத்த அதே 303.

தம்பியின் பேரேட்டில் ‘வங்கி நட்டம்’ என்பதை வெட்டி ‘ஃபோர்வேர்ட் வித்தியாசம்’ என்று எழுதிக்கொடுத்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர் பெட்டியைத் தூக்கும்போது கேட்டார்:

“அண்ணை, வாற மாசத்து ஓடருக்கு என்ன செய்யிறது? பாதிக்குப் போடட்டோ?”