குவாண்டம் தாங்கு மறைகுறியாக்கம்

தகவலைப் பிறர் வாசிக்காதபடி மறைக்கும் முறைகளில் புதிதான 'போஸ்ட் குவாண்டம் கிரிப்டோகிராபி' என்பதைப் 'பின்குவாண்டக் குறியாக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். வாசிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? குவாண்டம் கணினி (அணுவளவில் நடக்கும் பௌதிக விதிகளைக் கொண்டு கணிக்கும் புதுவகைக் கணினி) வந்த பிறகுதான் இதற்கு வேலை என்று. விடயம் வேறு. இது இன்றைய கைத்தொலைபேசியிலேயே ஓடும் கணக்கு. நாளை குவாண்டம் கணினி கொண்டு தாக்கினாலும் நின்றுபிடிக்க வேண்டும் என்று அமைத்தது. ஆகவே நான் சொல்வது 'குவாண்டம் தாங்கு மறைகுறியாக்கம்'.

'கிரிப்டோஸ்' கிரேக்கத்தில் மறைந்தது, 'கிராபெய்ன்' எழுதுவது. 'குவாண்டம்' இலத்தீன், 'எவ்வளவு' என்ற கேள்வியில் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் உயர்தர இரசாயனம் படித்தவர்களுக்கு அது சக்திச்சொட்டு. நல்ல சொல்தான், ஆனால் 'சக்திச்சொட்டுத் தாங்கு' என்றால் நாக்குச் சிக்கும். குவாண்டம் அப்படியே இருக்கட்டும்.

மறைத்துப் பேசுவது நமக்குப் புதிதல்ல. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை இலக்கணகாரர் குழூஉக்குறி என்றார்கள். அங்கே ஒருவர் வாய்விட்டால் எல்லாம் போச்சு. மறைகுறியாக்கத்தில் முறை ஊருக்கே தெரியும், திறப்பு மட்டுமே இரகசியம். (சாவி என்று எழுதத் தேவையில்லை, நம்மிடம் திறப்பு இருக்கிறது.)

பரவலாகப் புழங்கும் ஆர்எஸ்ஏ என்ற மறைகுறியாக்க முறை, பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது கடினம் என்பதை நம்பி நிற்கிறது. வலுவான குவாண்டம் கணினிக்கு அது கடினமல்ல என்று 1994இல் அமெரிக்கக் கணிதர் பீற்றர் ஷோர் காட்டினார். அப்படியொரு கணினி இன்னும் வரவில்லை. ஆனாலும் இன்றைய தகவலை இப்போதே அள்ளிச் சேர்த்துவைத்து, வந்த பிறகு திறக்கலாமே! அவசரம் அதனால்தான்.

அமெரிக்காவின் நியம நிறுவனமான நிஸ்ற், குவாண்டம் தாங்கும் முறைகளை அனுப்பச் சொல்லி 2016இல் உலகத்துக்கே அழைப்பு விடுத்தது. முதற்சுற்றில் 69 முறைகள். 2024 ஓகஸ்டில் மூன்று நியமங்கள் வெளிவந்தன. இரண்டு, சாலகக் கணக்குகளில் நிற்பவை. இரசாயனத்தில் சாலகச் சக்தி என்று படித்த அதே சாலகம், அதாவது ஒழுங்காக அடுக்கிய புள்ளிகளின் வலை; இங்கே பரிமாணம் மட்டும் நூற்றுக்கணக்கில். தென்கொரியா தனியே போட்டி வைத்து 2025இல் நான்கைத் தெரிந்தெடுத்தது.

வறட்சி தாங்கும் நெல்லினம் என்கிறோம், வறட்சியில் சாகாத நெல் என்பதில்லை. 'தாங்கு' பொருந்துவது அதனால்தான். 'உடைக்க முடியாத' என்று மொழிபெயர்ப்பவர்கள், இதே போட்டிக்கு வந்த சைக் என்ற முறையைப் பார்க்கட்டும்: 2022இல் நிஸ்ற்றின் நான்காம் சுற்றுவரை வந்திருந்த அதை, குவாண்டம் எதுவுமில்லாமல், சாதாரணக் கணினிச் செயலியின் ஒரேயொரு கருவை ('கோர்') வைத்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் உடைத்துவிட்டார்கள்.