புகை நாளில் வீடே வகுப்பறை ஆனால்

காட்டுத்தீப் புகை ஊரைச் சூழ்ந்ததும் சுகாதாரத் துறை சொல்வது இதுதான்: வீட்டுக்குள் இருங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். புகை நுழையாத வீட்டில் இருப்பவர்களுக்கு அது போதும்.

2020 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் கரோனாவால் பாடமெல்லாம் இணையத்துக்கு மாறியிருந்தது. அப்போதுதான் மின்னல் விழுந்து நூற்றுக்கணக்கான இடங்களில் தீப்பிடித்தது. அந்த ஆண்டு 40 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. லெட்டூஸும் ஸ்ட்ராபெர்ரியும் விளையும் சலீனாஸில், இரண்டு சிறுமிகள் ஒரு துரித உணவுக் கடைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, அந்தக் கடையின் வைஃபையில் பாடம் படித்த படம் அந்த மாதம்தான் நாடெங்கும் பரவியது. ஊருக்கு அருகே மலைகள் எரிந்துகொண்டிருந்தன. வீட்டில் இணையம் இல்லாத பிள்ளை பாடத்துக்காக வெளியே போகிறது. வெளியே இருப்பதோ புகை.

அதே ஊரில் பெற்றோர் வயலில் நிற்கிறார்கள். புகையில் உள்ள நுண்துகளுக்கான காற்றுத் தரக் குறியீடு (எண் கூடக் கூடக் காற்று மோசம்) 151-ஐ எட்டினால் முதலாளி என்95 முகக்கவசம் கொடுக்க வேண்டும் என்று 2019-லேயே விதி வந்துவிட்டது. பிள்ளைக்கு அப்படி ஒரு விதி இல்லை. என்95 பெரியவர்களின் முக அளவுக்குச் செய்யப்படுவது; சின்ன முகத்தில் ஓரம் இடைவெளி விடும், அந்த வழியாகவே புகை போகும். துணி முகக்கவசம் நுண்துகளைப் பெரும்பாலும் தடுக்காது.

வீட்டைப் பார்ப்போம். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஏழை வீடுகள் பலவற்றில் ஏசி இல்லை, ஏர்கூலர்தான். அது ஈரத் திண்டு வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுத்துத் தள்ளும். காற்றோடு புகையும் வரும். நிறுத்தினால் வீடு கொதிக்கும். முதியவரும் ஆஸ்துமா உள்ள பிள்ளையும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் இது உயிர்ப் பிரச்சினை. வெப்பம் தாங்கவில்லையென்றால் புகையைப் பொருட்படுத்தாமல் கூலரைப் போடுங்கள், அல்லது நூலகம் போன்ற ஏசி உள்ள பொது இடத்துக்குப் போங்கள்.

வீடு முழுவதையும் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். பிள்ளை படிக்கும், தூங்கும் ஒரே ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். 20 அங்குலச் சதுர மின்விசிறியின் பின்பக்கத்தில் அதே அளவுள்ள மெர்வ் 13 ஃபில்டரை ஒட்டுங்கள் (மெர்வ் என்பது ஃபில்டர் துகளைப் பிடிக்கும் திறனைச் சொல்லும் அளவு). ஃபில்டரில் உள்ள அம்புக்குறி விசிறியை நோக்கி இருக்கட்டும். நான்கு ஓரத்தையும் டேப்பால் முழுதாக மூடுங்கள். விரல் நுழையும் சந்து விட்டாலும் காற்று ஃபில்டரை விட்டு அதன் வழியே ஓடும். 2012-க்கு முந்தைய விசிறி வேண்டாம், சூடேறும் ஆபத்து உண்டு. எக்ஸ்டென்ஷன் வயரும் கூடாது. வெள்ளை ஃபில்டர் சாம்பல் நிறமானால் மாற்றுங்கள். புகை கடுமையானால் சில நாளிலேயே மாறிவிடும். அங்குள்ள நம்மவர் வீடுகளில் அந்த நாட்களில் ஊதுபத்தி, சாம்பிராணி, பொரியல் வறுவல் எல்லாவற்றையும் தள்ளிவைக்க வேண்டும்.

வானத்தின் நிறத்தை நம்பாதீர்கள். 2020 செப்டம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ ஆரஞ்சு நிறத்தில் இருண்டது. புகை அப்போது உயரத்தில் நின்றது. தரையில் காற்று மிக மோசமானது அடுத்தடுத்த நாட்களில்தான். காற்றுத் தரக் குறியீட்டின் எண்ணைப் பாருங்கள்.

பள்ளிகள் வீட்டில் இணையம் பெற ஹாட்ஸ்பாட் கருவி கொடுத்தனுப்பும்போதே ஒரு ஃபில்டரும் டேப் சுருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒட்டும் முறையைப் படமாக வரைந்து தர வேண்டும். வயல்வேலைக் குடும்பங்கள் பலவற்றில் பேசும் மொழி மிஷ்டெக் என்ற மெக்சிகோப் பழங்குடி மொழி. ஸ்பானிய அறிவிப்பை அவர்களில் பலரால் படிக்க முடியாது.