ரெண்டாம் பாதியில் அவள் மனசு மாற மாட்டாள், தம்பி

"அவளுக்கும் உள்ளுக்குள்ள ஆசை இருக்கு மேடம், வெளிய காட்டிக்க மாட்டேங்குறா." ஒருதலைக் காதலில் தூக்கமும் படிப்பும் கெட்டு ஆலோசனைக்கு வரும் பையன்கள் இதைச் சொல்லாமல் எழுந்து போவது அபூர்வம். எப்படித் தெரியும் என்று கேட்டால் ஏதாவது சினிமாவிலிருந்து ஒரு காட்சியைச் சொல்கிறார்கள். இந்த வாரமும் கேட்டேன். எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

காதல் தோல்விக் கதைகள் ஆளைக் கெடுக்கும் என்பது பழைய குற்றச்சாட்டு. 1774இல் ஜெர்மன் எழுத்தாளர் கதே எழுதிய நாவலில், காதல் கைகூடாத நாயகன் வெர்தர் தற்கொலை செய்துகொள்கிறான். மறு வருடமே லைப்சிக் நகரம் புத்தகத்தைத் தடை செய்தது. தற்கொலைச் செய்திகளைப் பார்த்து மற்றவர்களும் அதே வழியில் போவதற்கு 'வெர்தர் விளைவு' என்று 1974இல் பெயர் வைத்தார் சமூகவியலாளர் டேவிட் ஃபிலிப்ஸ். அந்த ஆபத்து நிஜம்தான். ஆனால் அதே நாவலில், வெர்தர் கட்டிப்பிடித்து முத்தமிட்டதும் அவன் காதலிக்கும் லோட்டே பக்கத்து அறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொள்கிறாள். இனி என்னைப் பார்க்கவே முடியாது என்கிறாள். துரத்தினால் கிடைப்பாள் என்று கதே எழுதவில்லை. அதை எழுதுவது நம்ம ஊர் சினிமா. அதனால் சோக முடிவைவிட, விடாமல் பின்தொடர்ந்தவனுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் சுப முடிவுதான் எனக்கு அதிக பயம்.

தொல்காப்பியமே ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று ஐந்திணைக்கு வெளியேதான் வைத்தது. மடலேறுவேன், அதாவது பனைமடல் குதிரையில் ஏறி ஊரறிய என் காதலைச் சொல்வேன் என்று மிரட்டுவதோடு நிற்காமல் ஏறியே விட்டால் அது பெருந்திணை, பொருந்தாக் காமம். நமக்குத்தான் அது ஹீரோயிசம்.

சரி, அந்த 'உள்ளுக்குள்ள ஆசை' விஷயத்துக்கு வருவோம். அவள் சிரித்தது சங்கடத்தில். 'ஓகே' என்று பதில் போட்டது, பேச்சை முடித்துக்கொள்ள. பிளாக் செய்யாதது, வேறு நம்பரிலிருந்து வருவாயோ என்ற பயத்தில். அழுதது உன் மேல் இரக்கப்பட்டு அல்ல, வீட்டுக்குத் தெரிந்தால் தன் படிப்பை நிறுத்திவிடுவார்களே என்று. எப்போதாவது வரும் ஒரு பதில், தினமும் வருவதைவிட ஆளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் துறையில் இது பாலபாடம். (யார் சொன்னாலும், எந்த ஆதாரம் காட்டினாலும் 'அவள் என்னைக் காதலிக்கிறாள்' என்பது அசையவே இல்லையென்றால் அது வேறு நோயாக இருக்கலாம், அரிது. மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.)

வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் போதும். காரணம் கேட்காதே. அவள் ஸ்டேட்டஸைப் பார்ப்பதை இன்றோடு நிறுத்து. விருப்பமில்லை என்று தெரிந்த பிறகும் பின்தொடர்ந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவின்படி முதல் முறையே மூன்று வருடம் வரை சிறை.

நண்பர்களே, தூது போகாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பையனை அடிக்காதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். அவன் வலி பொய்யில்லை. 'செத்துடுவேன்' என்றால் சும்மா சொல்கிறான் என்று விடாதீர்கள். கூடவே இருங்கள், அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஆனால் அவனைத் தேற்ற அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, "ஒரு வார்த்தை பேசும்மா" என்று மட்டும் கெஞ்சாதீர்கள். அவனைக் காப்பாற்றுவது அவள் பொறுப்பு அல்ல.