டிக் சத்தம் கேட்கிறது, கதவுதான் பூட்டவில்லை

அண்மையில் என் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. வேறொரு இடத்தில் அலாரம் மாட்டியிருந்தார்கள். ரிமோட்டை அழுத்தினால் இண்டிகேட்டர் மின்னுகிறது, சைரன் ஒருமுறை கூவுகிறது, டேஷ்போர்டுக்குள் ரிலே (மின்சாரத்தில் இயங்கும் குட்டி சுவிட்ச்) ‘டிக்’ என்கிறது. கதவுகள் மட்டும் அசையவில்லை. அலாரம் பெட்டியை இரண்டு தடவை மாற்றிப் பார்த்துவிட்டார்களாம்.

ரிலே சத்தம் போட்டால், ரிமோட்டின் கட்டளை பெட்டி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு நடப்பதெல்லாம் ஒயரிங் விஷயம். அதனால் பெட்டியை விட்டுவிட்டு, கார்க்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “கதவில் இருக்கும் பூட்டு சுவிட்ச் வேலை செய்கிறதா?” “அதுவும் வேலை செய்யல, அது வேற கோளாறு சார்” என்றார். வேறு கோளாறு இல்லை. இரண்டும் ஒன்றுதான்.

அந்தக் காரில் பூட்டு மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர்களும் சும்மா இருக்கும்போது எர்த்தில்தான், அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்துதான் இருக்கும். பூட்டும்போது ஒன்றில் 12 வோல்ட் ஏறும். மற்றது எர்த்திலேயே நின்று கரண்ட் திரும்பிப் போக வழி கொடுக்கும். திறக்கும்போது இது தலைகீழாக மாறும். இதற்காகவே அலாரத்தின் ஒவ்வொரு ரிலேயிலிருந்தும் மூன்று ஒயர்கள் வருகின்றன: மோட்டார் பக்கம் போவது ஒன்று, ரிலே இழுக்கும்போது அதோடு சேரும் 12 வோல்ட் ஒன்று, ரிலே ஓய்வில் இருக்கும்போது அதைக் கதவு சுவிட்ச் பக்கத்தோடு சேர்த்து, அதன் வழியாக எர்த் கொடுப்பது ஒன்று. மாட்டியவர் இந்த மூன்றாவது ஒயரை ‘எக்ஸ்ட்ரா’ என்று நினைத்து, இரண்டு ரிலேயிலும் டேப் சுற்றி விட்டிருக்கிறார்.

வோல்ட் அளக்கும் மீட்டரின் கறுப்பு முனையை எர்த்தில் வைத்து, ரிமோட்டை அழுத்திக்கொண்டே மோட்டாரின் ஒரு ஒயரைப் பார்த்தேன்: 12 வோல்ட். அடுத்த ஒயரிலும் 12 வோல்ட். கரண்ட் மோட்டாருக்குள் போய் மறுபக்கம் வந்து, திரும்ப வழியில்லாமல் நிற்கிறது. டேப்பைப் பிரித்து, அந்த இரண்டு ஒயர்களையும் சுவிட்ச் பக்கம் சேர்த்ததும் ரிமோட்டும் சுவிட்சும் சேர்ந்தே உயிர்பெற்றன. பத்து நிமிட வேலை.

இதே வகைக் காரில் இன்னொரு தப்பும் நடக்கும். ஒயரை வெட்டாமல், தோலைச் சீவி அலாரத்தின் 12 வோல்ட்டை அதிலேயே ஒட்டிவிடுவார்கள். அந்த ஒயர்தான் சுவிட்ச் வழியாக எர்த்தில் இருக்கிறதே! அழுத்திய உடனே ஷார்ட், பியூஸ் போய்விடும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதைவிடப் பெரிய பியூஸ் போட்டால், அடுத்து உருகுவது சுவிட்ச்.

ஆக, இணைக்கும் முன் தெரிய வேண்டியது ஒன்றே: அந்த ஒயர் சும்மா இருக்கும்போது எப்படி இருக்கிறது, சுவிட்சை அழுத்தும்போது எப்படி மாறுகிறது? அழுத்தும்போது மட்டும் எர்த் வந்தால் நெகட்டிவ் டிரிகர், அதாவது எர்த் கொடுத்துக் கட்டளையிடும் வகை. பேட்டரி பாசிட்டிவில் சிவப்பு முனை, ஒயரில் கறுப்பு முனை என்று வைத்தால், அழுத்தும் நேரம் மட்டும் 12 காட்டும். அழுத்தும்போது மட்டும் பாசிட்டிவ் வந்து, ஓய்வில் எர்த்தும் இல்லையென்றால் பாசிட்டிவ் டிரிகர். ஓய்வில் உறுதியான எர்த், அழுத்தினால் பாசிட்டிவ் என்றால் நான் மேலே சொன்ன தலைகீழ் வகை. புதிய கார்கள் சிலவற்றில் பூட்டு, திறப்பு இரண்டுக்கும் ஒரே ஒயர்தான். நடுவில் ரெசிஸ்டர் (கரண்டைக் குறைக்கும் மின்தடை) வைத்துக் கட்டளையைப் பிரிக்கிறார்கள். அங்கே நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் கன்ட்ரோல் யூனிட் பாழ். பின்னிப் பின்னி வரும் ஜோடி ஒயரில் மீட்டர் இரண்டரை வோல்ட் சுமாருக்குக் காட்டினால் அது யூனிட்டுகள் தங்களுக்குள் தகவல் அனுப்பும் டேட்டா லைனாக இருக்கலாம். கையை எடுத்துவிடுங்கள், அந்த மாடலுக்கான இன்டர்ஃபேஸ் (இணைப்புப் பெட்டி) இல்லாமல் அதில் வேலையில்லை.

ஒயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், வேறு வருடம் என்றாலும் நிறம் மாறும். அதே போல, பல்பு வைத்த பழைய டெஸ்ட் லாம்பை எல்லா இடத்திலும் குத்தவும் கூடாது. அது இழுக்கும் கரண்டை எலக்ட்ரானிக் யூனிட்டுகள் தாங்காமல் போகலாம். டிஜிட்டல் மீட்டர்தான் பாதுகாப்பு. மஞ்சள் உறை போட்ட ஒயர் பொதுவாக ஏர்பேக்குடையது. அதில் மீட்டர்கூட வைக்கக் கூடாது.

சரி, எல்லாம் சரியாக இணைத்தாயிற்று, ஒரு கதவு மட்டும் சில சமயம் பூட்டுகிறது, சில சமயம் இல்லை. அப்போது கதவுக்கும் கார் உடலின் தூணுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, உள்ளே செம்பு அறுந்திருக்கும், மேல்தோல் மட்டும் நன்றாகவே இருக்கும். ஒயரை இலேசாக இழுத்தால் அந்த இடம் ரப்பர் போல நீளும். இதில் மீட்டர் ஏமாற்றும், கவனம்: ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் சுமையில்லாமல் 12 காட்டும். மோட்டார் இழுக்கும் அந்த நொடியில் பார்த்தால்தான் வோல்டேஜ் சரிவது தெரியும். அங்கே முறுக்கி டேப் போட்டால் மறுபடி அறும். புது ஒயரை அந்த வளைவு முழுக்க இழுத்து, இணைப்பு இரண்டையும் ரப்பருக்கு வெளியே, அசையாத இடத்தில் சால்டர் செய்ய வேண்டும்.

சோதனையைத் தொடங்கும் முன் டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். ஆரம்ப காலத்தில் சாவி உள்ளே, நான் வெளியே, கார் பூட்டிக்கொண்டது. வாடிக்கையாளர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து காரைத் திரும்ப எடுத்துப் போகும்போது நீங்கள் ரிமோட்டில் மட்டும் சோதிக்க வேண்டாம். கதவில் உள்ள சுவிட்சிலும், சாவியிலும் பூட்டித் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கதவையும் தனியாக இழுத்துப் பாருங்கள். இக்னிஷனைப் போட்டு ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்துவிட்டு, எந்தெந்த ஒயரை வெட்டினார்கள் என்று கேட்டு, டேஷ்போர்டை மூடும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.