பெரிய இன்ஜின் மாட்டிய அம்பாசடர் ஏன் அதிர்கிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “தாத்தா வாங்கிய அம்பாசடரில் 1489 சிசி இன்ஜினைக் கழற்றிவிட்டு, இசுசு 1817 சிசி இன்ஜினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் மாட்டினோம். இழுவை பிரமாதம். ஆனால் கப்பலூர் பக்கம் நால்வழிச் சாலையில் 60-ஐத் தொட்டதும் வண்டியின் தரையெல்லாம் அதிர்கிறது. டயர் மாற்றியாயிற்று, வீல் பாலன்ஸ் பார்த்தாயிற்று. வண்டி எண்ணின் கூட்டுத்தொகை 8, அதுதான் காரணம் என்கிறார் ஜோசியர்.”

பாவம் அந்த எட்டு, அதை விட்டுவிடுவோம். பதிவு எண்ணுக்குப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் வண்டிக்கு அடியிலுள்ள இணைப்புகளுக்குக் கிரீஸ் வைக்க மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் கடுப்பு.

அம்பாசடரின் உடம்பு 1956-இல் இங்கிலாந்தில் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. அதில் இசுசு இன்ஜினை 1990-களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே வைத்து விற்றது. ஆகவே பொருத்தம் பற்றிக் கவலை இல்லை. கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் நல்ல மெக்கானிக் பார்த்துக்கொள்வார். இன்ஜின் எண் மாறியதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

என் சந்தேகம் வண்டிக்கு அடியில், கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் மீதுதான். அதன் இரு முனையிலும் ஒரு யூ-ஜாயிண்ட் உண்டு. கூட்டல் குறி போன்ற இரும்புத் துண்டு, நான்கு கை, ஒவ்வொரு கையிலும் ஊசி ஊசியாய் உருளைகள் கொண்ட சின்ன பேரிங். எதிரெதிரான இரண்டு கை ஓட்டுகிற தண்டுக்கு, மற்ற இரண்டும் ஓடுகிற தண்டுக்கு. பிளஸ் ஒன்னில் ஸ்பிரிங் விதியாக மனப்பாடம் செய்தோமே, அந்த ராபர்ட் ஹூக் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்த இணைப்பு இது.

இதற்கு ஒரு குறும்பு உண்டு. வளையலை நேரே பார்த்தால் வட்டம், சாய்த்துப் பார்த்தால் நீள்வட்டம். ஓட்டுகிற தண்டின் பக்கமிருந்து பார்த்தால், சாய்ந்த தண்டின் கைகள் சுற்றும் பாதையும் அப்படி நசுங்கித்தான் தெரியும். அதனால் முன் தண்டு ஒரே சீராகச் சுற்றினாலும், பின் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். சாய்வு 10 டிகிரி, வேகம் நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால், மறுபக்கம் 1970-க்கும் 2031-க்கும் இடையே ஓயாமல் ஊசலாடும்.

அப்புறம் எல்லா வண்டியும் அதிர வேண்டாமா? அங்கேதான் அழகு. இரண்டாவது ஜாயிண்டும் அதே அளவு சாய்ந்திருந்தால், முதலாவது கெடுத்ததை அது அப்படியே நேராக்கிவிடும். நடுத் தண்டு மட்டும் தனக்குள் திணறிக்கொண்டிருக்க, ஆக்சிலுக்குச் சீரான சுழற்சி போகும். நிபந்தனை இரண்டு: கியர் பெட்டியின் தண்டும் ஆக்சிலின் பினியன் தண்டும் (சுழற்சியை ஆக்சிலுக்குள் வாங்கும் தண்டு) இணையாக இருக்க வேண்டும்; ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் (அந்தக் கூட்டல் குறியின் கைகளைப் பிடித்திருக்கும் கவட்டைகள்) ஒரே தளத்தில் நிற்க வேண்டும்.

இன்ஜின் மாற்றும்போது இரண்டும் கெடலாம். இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப் இடிக்காமலிருக்க இன்ஜினின் முன்பக்கத்தைத் தூக்கினால் கியர் பெட்டியின் வால் தாழ்ந்துவிடும். புதுக் கியர் பெட்டியின் நீளத்துக்கு ஷாஃப்டை வெட்டி ஒட்டும்போது கவை திரும்பிவிட்டால் இன்னும் மோசம். கால் சுற்று பிசகினால் ஊசலாட்டம் அடங்குவதற்குப் பதில் இரட்டிக்கும்.

எனவே முதலில் கவைகளைப் பாருங்கள். பிறகு வண்டி நாலு சக்கரத்திலும் நிற்கும்போது (ஜாக்கியில் தூக்கிப் பார்த்தால் அளவு பொய்யாகும்) சாய்மானம் காட்டும் மொபைல் செயலியால் கியர் பெட்டித் தண்டு, பினியன் தண்டு இரண்டின் சாய்வையும் அளந்துகொள்ளுங்கள். வித்தியாசம் ஒரு டிகிரிக்கு மேல் இருந்தால் லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துச் சரிக்கட்டலாம். ஆப்பு கொஞ்சம் அமரும் என்பதால், சில நாள் ஓட்டியதும் ஆக்சிலை ஸ்பிரிங்கோடு இறுக்கிப் பிடிக்கும் யூ-போல்ட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள்.