முந்நூறு குச்சியும் பற்றிக்கொண்டால்?

தீப்பெட்டித் தொழிலில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "300 குச்சிகளை உரசிப் பார்த்தோம். எல்லாமே பற்றிக்கொண்டன. அப்படியானால் எங்கள் சரக்கில் பழுதே இல்லை என்று சொல்லலாமா?"

அப்படிச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த 300 குச்சிகள் நிறையவே சொல்கின்றன.

எல்லாக் குச்சியையும் உரசிவிட்டால் விற்க ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் மாதிரி எடுக்கிறோம். 1000 குச்சிகளில் 40 பற்றவில்லை என்றால் பழுது சுமார் 4 சதவீதம், ஏறக்குறைய 1.2 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். இது வழக்கமான கணக்குதான். சரி, ஒன்றுகூடப் பழுதாகாதபோது?

கேள்வியைத் திருப்பிப் போடுவோம். சரக்கில் உண்மையிலேயே நூற்றுக்கு ஒன்று பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் ஒரு குச்சி நல்லதாக இருக்க வாய்ப்பு 0.99. இரண்டுமே நல்லதாக இருக்க 0.99-ஐ 0.99-ஆல் பெருக்க வேண்டும். அப்படியே பெருக்கிக்கொண்டு போங்கள். 100 குச்சியும் நல்லதாக அமைய வாய்ப்பு 37 சதவீதம், 200-க்கு 13, 300-க்கு 5-ஐவிடச் சற்றுக் குறைவு. அப்படிப்பட்ட சரக்கில் ஒரு பழுதும் கையில் சிக்காமல் போவது இருபது தடவையில் ஒரு தடவைதான். ஆகவே பழுது 1 சதவீதத்துக்குள்தான் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம்.

சுருக்கு வழியும் உண்டு: ஒன்றுகூடப் பழுதாகாதபோது, 3-ஐ மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும், பழுதின் மேல்வரம்பு கிடைத்துவிடும். 3000 குச்சியும் எரிந்தால் மேல்வரம்பு ஆயிரத்தில் ஒன்று. இந்த 3 எனக்கு மிகவும் பிடித்த எண். அந்த 'இருபதில் ஒன்று' இருக்கிறதே, அந்த 20-இன் இயல் மடக்கை (natural log, அதாவது e என்ற 2.718-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 20 வரும் என்பது) 2.996, கிட்டத்தட்ட 3!

மொத்தச் சரக்கு எவ்வளவு என்பதே இந்தக் கணக்கில் வரவில்லை, கவனித்தீர்களா? லட்சம் குச்சியானாலும் கோடியானாலும் அதே 300 போதும். பிளஸ் டூவில் நாணயத்தையும் பகடையையும்தான் அதிகம் உருட்டிக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்லித்தராதது எனக்குப் பெரிய வருத்தம்.

அப்புறம், அந்த 300-ஐ எப்படி எடுத்தீர்கள் என்பது முக்கியம். ஒரே சட்டத்தில் அடுக்கி ஒன்றாக மருந்தில் தோய்த்த குச்சிகள் பழுதானால் கூட்டமாகத்தான் பழுதாகும். 50 குச்சி கொண்ட 6 பெட்டிகளைப் பிரித்து உரசினால் இந்தக் கணக்கு செல்லாது. சரக்கு முழுவதிலிருந்தும் சீட்டுக் குலுக்கி 300 பெட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குச்சியை உரசுங்கள்.